மாமாவுக்கு நான் சொன்னது

அக்காவின் விரலில் மோதிரம் இறுகிக் கிடந்தது. அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தோம், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தோம், அசையவில்லை. முகமும் ஊதியிருந்தது. வீட்டுக்கு வந்த பெண்களெல்லாம் "புள்ள நல்லாத் தேறிட்டாள்கா" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். அக்காவும் சிரித்தாள். தலை இடிக்கிறது என்று அவள் இரண்டு நாளாகச் சொன்னபோது, வெயில் என்றோம். கண்ணுக்குள் மின்மினி பறக்கிறது என்றபோது, தூக்கமில்லை என்றோம். எனக்குப் பதினாறு வயது. என்னை நான் மன்னித்துவிட்டேன். மாமாவை மன்னிக்கவில்லை.

மாமா அம்மாவின் தமையன். ஊர்க் கண்ணகியம்மன் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. வண்ணக்கரும் அவரே என்றால் அப்பாகூட வாய் திறக்கமாட்டார். வைகாசிச் சடங்கின் கடைசி நாள் பின்னேரம் அம்மன் ஊர்சுற்றி வந்தபோது, அக்கா வீட்டு வாசற் கடப்படியில் நிறைகுடம் வைத்துவிட்டு நின்றாள். பறை வாசலில் முழங்கியதும் அவள் உடம்பு விறைத்தது. கண் மேலே செருகியது. விழுந்து, கைகால் வெட்டி இழுத்தது. சடங்கில் தெய்வம் ஏறி ஆடுபவர்களைக் கண்டு பழகிய ஊர்; பெண்கள் குரவையிட்டார்கள்.

அப்பா ஓடிப்போய் ஓட்டோ பிடித்து வந்தார். மாமா அதற்குக் குறுக்கே நின்றார். "ஒருத்தரும் தொடாதீங்க. அம்மாள் வந்திரிக்கா. வாக்குச் சொல்லாம எங்கயும் கொண்டு போகப்படா."

மஞ்சள்நீர் தெளித்தார். வேப்பிலையால் முகத்தில் தடவினார். கர்ப்பூரம் காட்டினார். வலிப்பு நின்று அக்கா நினைவு கலங்கி முனகியதை வாக்கென்று குனிந்து கேட்டார். இரண்டாம் முறை இழுத்தபோதும் கைகூப்பினார். மூன்றாவது வலிப்பு, அவர் வழிவிட்ட பிறகு, ஓட்டோவுக்குள், வாவிப் பாலத்தில், என் மடியில் வந்தது. ஆஸ்பத்திரியில் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார்கள்.

"அம்மாள் தண்ட புள்ளயக் கூப்பிட்டுக்கொண்டா" என்று மாமா செத்தவீட்டில் சொன்னார். வந்தவர்கள் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இத்தனை வருடமும் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். அதை அவரிடமிருந்து பிடுங்குவதற்கே நான் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது ஆனேன். சேவை மனப்பான்மை என்று மெச்சுகிறார்கள், மெச்சட்டும்.

இந்தச் சித்திரையில் மாமாவின் பேத்தியைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். அவளுக்கும் எட்டாம் மாதம். பிரசர் நூற்றெழுபதைத் தாண்டியிருந்தது, சிறுநீரில் புரதம். ஒரு நிமிடம் என் கை தாமதித்தது. மாமாவும் அந்தப் பாலத்தைக் கடந்து பார்க்கட்டும் என்று மனம் சொன்னது. பொய் சொல்லமாட்டேன். பிறகு அம்புலன்ஸை அழைத்தேன். வலிப்பு வருமுன்பே மக்னீசியம் ஏற்றி, பிரசரை இறக்கி, வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்த மாமா என் கையைப் பிடித்தார். "உண்ட அக்காவக் கூப்பிட்டவ, இவள விட்டுத் தந்திட்டா புள்ள."

கையை விடுவித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆற அமரச் சொன்னேன். நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் தொடக்கத்திலேயே சரியாக விரியாவிட்டால், அந்தக் கோளாறு தாயின் உடம்பெங்கும் இரத்தக்குழாய்களைக் கெடுக்கும். பிரசர் ஏறும். சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடும். முகமும் கையும் ஊதும். "தேறிட்டாள் எண்டு நாங்க சிரிச்சது அதுக்குத்தான் மாமா." ஈரல் நோகும், மூளை வீங்கும், கண்ணில் மின்மினி பறக்கும். பிறகுதான் வலிப்பு. ஒவ்வொரு வலிப்பிலும் தாய்க்கு மூச்சடைக்கும், பிள்ளைக்கு இரத்தம் குறையும். முதல் வலிப்போடு கொண்டுபோயிருந்தால் இதே மருந்து அடுத்ததைத் தடுத்திருக்கலாம்.

"போதும் புள்ள" என்றார்.

நான் நிறுத்தவில்லை. அவர் கர்ப்பூரம் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளை வயிற்றுக்குள் எப்படி அடங்கியிருக்கும் என்பதையும் சொன்னேன். எண்பது வயது மனிதர்தான். எனக்கு இரக்கம் வரவில்லை.

மாமா கேட்டார். "அப்ப அண்டைக்கு அம்மாள் வரல்லையா?"

"வந்தவதான் மாமா. ஓட்டோவில வந்தவ. நீங்க மறிச்சிட்டீங்க."

இந்த வைகாசிச் சடங்குக்கு அவர் கோயில் பக்கமே போகவில்லை என்றார்கள். எனக்கு அது போதவில்லை.