சங்கிலி மேலே இருக்கட்டும்

நரெல் ஸ்கல்லியனுக்குக் கோபம் வரும் என்று, மெல்பர்னிலிருந்து பனிமலைக்குப் போகிற வழியில் அடிவாரத்தில் இருக்கும் மான்ஸ்ஃபீல்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். வந்த கோபம் இன்னும் போகவில்லை என்றுதான் சொல்வார்கள். வயது ஐம்பத்தெட்டு. பனிச்சறுக்குச் சாமான்களை வாடகைக்கு விடும் கடையின் முற்றத்தில், இருபத்தாறு குளிர்காலமாக நின்று, மலைக்குப் போகிற கார்களின் கூரையில் கேரியர் மாட்டி, சறுக்குப் பலகைகளை ஏற்றி, வார் போட்டு இழுத்துக் கட்டுகிறவள். கோடையில் ஏரிக்கரை விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றப் போவாள். அங்கே திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் உடம்பு இளைத்துத் திரும்புகிறாள் என்று கடை முதலாளி காலின் சொல்வார். அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுதான் சொல்வார்.

கட்டி முடித்ததும் கேரியரை இரண்டு கையாலும் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குவாள். கார் மொத்தமும் சேர்ந்து ஆட வேண்டும். சாமான் மட்டும் தனியாக ஆடினால், "இறக்குங்க" என்பாள். பலகையின் வளைந்த மூக்கு முன்பக்கம் பார்த்திருந்தாலும் "இறக்குங்க"தான். அந்தச் சொல்லுக்கு அப்பீல் கிடையாது. ஒருமுறை மெல்பர்ன் நீதிபதி ஒருவரே சட்டம் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு இறக்கினார்.

இதெல்லாம் அவளுடைய சாதாரணக் கோபம். போன ஆகஸ்ட் பனியில் வந்தது வேறு.

அவள் மகள் பிரியோனிக்கு வேலை மேலே, மலைப்பாதையில். ஏறி வரும் வண்டிகளைக் கைகாட்டி ஓரங்கட்டி, பனியில் வழுக்காமல் இருக்க டயருக்குச் சங்கிலி மாட்ட வைக்க வேண்டும். அன்று ஒரு வண்டி நிற்கவில்லை. பனியில் வழுக்கிக்கொண்டே வந்து, அவளுடைய இடது காலை இன்னொரு காரோடு சேர்த்து நசுக்கியது. அந்த வண்டியில் சங்கிலி இல்லாமல் இல்லை. டிக்கியில், மூன்று பெட்டி, ஓர் ஐஸ்பெட்டி, ஒரு மூட்டை பூட்ஸ், எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. "மழையில எல்லாத்தையும் யாரு இறக்குறது, மேல போயிப் பாத்துக்கலாம்னு வந்தேன்" என்று அந்த ஆள் போலீசிடம் சொன்னானாம். அந்தப் பேச்சைப் பதினொரு மாதமாக நரெல் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

காலில் ஆறு ஆணி வைத்துத் தைத்து, தாங்கித் தாங்கி நடந்துகொண்டிருந்த பிரியோனி, ஜூலைக் குளிர்கால விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலையில் அதே வேலைக்குத் திரும்பக் கிளம்பினாள்.

"அதே இடத்துலயா போய் நிக்கப் போற?" என்றாள் நரெல்.

"அதே இடத்துலதான்."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"வேற காலு ஏதாவது வெச்சிருக்கியா? இருந்தா குடு, மாட்டிக்கிட்டுப் போறேன்."

"இங்கயே கடையில இரேன்டி. காலின் கல்லாவுல உக்கார வெக்கிறேங்கிறான்."

"எதுக்கு? வர்றவன் போறவனுக்கெல்லாம் என் காலைக் காட்டித் திட்டுறதுக்கு உனக்கு வசதியா இருக்கும்னா? என்னால முடியாதும்மா. நான் வேலைக்குப் போறேன்."

நரெலின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மகளின் சின்ன காரைக் கடை முற்றத்துக்கு ஓட்டிவரச் சொன்னாள். தன் கை படாமல் எந்த வண்டியும் மலைக்குப் போகாது என்றாள். நானே அடுக்கிக்கொள்கிறேன் என்ற பிரியோனியைக் கடைக்குள் காப்பி குடிக்க விரட்டிவிட்டு, மகள் மேலேயே தங்கப்போகும் மூன்று மாதத்துக்கான சாமானையும் ஒரே ஆளாக ஏற்றினாள். ஏற்றினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. வீசினாள். கனமான பையெல்லாம் அடியில், மேலே படுத்துத் தூங்கும் உறைப்பை, தலையணை, துணி மூட்டை. எல்லாவற்றையும் முழங்காலால் அமுக்கி டிக்கியைச் சாத்தினாள். கூரையில் பலகையைக் கட்டினாள். உலுக்கினாள். கார் ஆடிய ஆட்டத்தில் உள்ளே இருந்த பாட்டுப்பெட்டி தானாகவே பாட ஆரம்பித்தது.

அந்தச் சூட்டோடு சூடாக வந்து மாட்டினார் ஃபெர்கஸ். மெல்பர்னில் பல் டாக்டர், பெரிய கார், முன் இருக்கையில் மனைவி. சங்கிலிப் பையை நரெல் தன் கையாலேயே டிக்கியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டு, அடுத்த காருக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் பை அங்கே இல்லை.

"சங்கிலி எங்க சார்?"

"உள்ளதாம்மா இருக்கு."

"உள்ளன்னா எங்க?"

"கீழ. ஐஸ்பெட்டி உக்காரலன்னு கொஞ்சம் மாத்தி அடுக்கினேன். இன்னைக்கு மேல பனி லேசாத்தான் இருக்காமே."

"இறக்குங்க."

"என்னது?"

"இப்ப மேல பனி கொட்டுதுன்னு வெச்சுக்கங்க. நான் கையைக் காட்டி நிறுத்திட்டேன். சங்கிலியை எடுத்து மாட்டுங்க, பாக்கலாம்."

"ஏம்மா, மழை பெய்யுது. பின்னாடி எத்தனை கார் நிக்குது பாருங்க."

"அங்க மட்டும் வெயிலா அடிக்கும்? இறக்குங்க."

காலின் குடையோடு ஓடிவந்து, "நரெல், இன்னைக்கு ஒரு நாள் விட்டுடேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். கார்க் கண்ணாடி பாதி இறங்கியது. "நான் அப்பவே சொன்னேன்" என்றாள் ஃபெர்கஸின் மனைவி. கண்ணாடி ஏறிக்கொண்டது. பல் டாக்டர் முகம் சிவந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக ஈரச் சிமெண்டில் இறக்கினார். அத்தோடு விட்டிருக்கலாம். நரெல் விடவில்லை.

"உங்களை மாதிரிதான் ஒருத்தன் அடியில வெச்சான். யாரு இறக்குறதுன்னு சோம்பேறித்தனம். அதோ கடைக் கண்ணாடிக்குப் பின்னால காப்பி குடிச்சிட்டு நிக்கிறா பாருங்க, என் பொண்ணு. அந்தக் கால்ல ஆறு ஆணி இருக்கு."

முற்றத்தில் நின்ற எல்லாரும் திரும்பி அந்தக் காலைப் பார்த்தார்கள்.

பிரியோனி கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. தாங்கித் தாங்கி நடந்து போய்த் தன் காரின் டிக்கியைத் திறந்தாள். தலையணையைத் தூக்கிப் பார்த்தாள், துணி மூட்டையை விலக்கிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா. என் சங்கிலி எங்க?"

நரெல் வாயைத் திறந்தாள். கனமான பையெல்லாம் அடியில். சங்கிலிப் பையைவிடக் கனமான பை எது இருக்கிறது? முதலில் அதைத்தான் தூக்கிப் போட்டிருந்தாள். இருபத்தாறு வருஷமாக ஊருக்கே 'இறக்குங்க' என்று சொன்னவள், பெற்ற மகளின் வண்டியில் சங்கிலியை அடியில் வைத்திருந்தாள்.

பிரியோனிக்கு அந்த நிமிஷத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்ல உரிமை இருந்தது. முற்றம் முழுக்கக் காத்திருந்தது. அவள் ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்.

"இறக்கு."

யாரும் சிரிக்கவில்லை. நரெல் இறக்கினாள். உறைப்பை, துணி மூட்டை, பூட்ஸ், சட்டிபானை, எல்லாம் பல் டாக்டரின் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே மழையில் வந்து உட்கார்ந்தன. குனிந்து நிமிரும்போது அவளுக்கு அந்த ஆகஸ்ட் ஆளின் நினைப்பு வந்தது. அவனும் அன்று காலையில் யாரோடாவது சண்டை போட்டுவிட்டுத்தான் அடுக்கினானோ? அப்படித் தோன்றியதே அவளுக்குப் பிடிக்கவில்லை. அவனை மன்னிக்க அவள் தயாராக இல்லை. ஆனால் அவனைத் திட்டுவதற்காகப் பதினொரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் இப்போது தன் பக்கமே திரும்பி நிற்பதைப் பார்த்து, அவளுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. அதை மழை என்று துடைத்துக்கொண்டாள்.

சங்கிலிப் பையை எடுத்து முன் இருக்கையில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டாள். மற்றதையெல்லாம் இந்த முறை ஒவ்வொன்றாக எடுத்து, இடம் பார்த்து வைத்தாள்.

"இனிமே என் காலை யாருக்கும் காட்டாத" என்றாள் பிரியோனி, வண்டியில் ஏறிக்கொண்டே.

"காட்டல. போற வழியில ஒருவாட்டி நிறுத்தி வாரை இறுக்கிக்கோ."

"தெரியும்."

கார் முற்றத்தைத் தாண்டி மலைப் பக்கம் திரும்பியது. ஃபெர்கஸ் தன் சங்கிலிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நரெலைப் பார்த்தபடி நின்றார்.

"மேல வைங்க" என்றாள் அவள். "இன்னொண்ணு சார். வீட்ல சண்டை போட்டுட்டு டிக்கி அடுக்காதீங்க."