பேராச்சி விட்ட வண்டி

பேராச்சி தூக்கத்தில் கார் ஓட்டுவாள். மல்லாந்து படுத்தபடி வலது காலைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவாள். இடது கால் கட்டில் சட்டத்தில் முட்டி நிற்கும். பக்கத்தில் படுத்திருக்கும் மாரிக்கண்ணன் முழித்துக்கொண்டு, "ஏட்டி, பிரேக்கப் போடு. கட்டில் செவத்துல மோதிரப் போவுது" என்பார். அவள் காதில் அது விழாது.

காலையில் அந்தக் கனவை மகள் இசக்கிசெல்வியிடம் சொல்லுவாள். அநேகமாக ஒரே கனவுதான். தாராவியில் அவர்கள் முன்பு குடியிருந்த சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். அந்தச் சந்துக்குள் பேராச்சி கார் ஓட்டி வருகிறாள். கார் துணியைப் போல ஒடுங்கிக்கொள்கிறது. தண்ணீர் டிரம்களுக்கும் கொடியில் தொங்கும் பாவாடைகளுக்கும் நடுவே எதையும் உரசாமல் போகிறது. வாசல்களில் நிற்கிறவர்கள் கை நீட்டி அவளுக்கு டீ கொடுக்கிறார்கள். அவள் நிறுத்துவதில்லை. சந்து முடிகிற இடத்தில் வெளிச்சம். வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் கடல்.

"தாராவிச் சந்துல எங்கம்மா கடலு?"

"என் கனவுல இருக்கு. நீ வந்து அளந்தியாக்கும்?"

அளப்பதுதான் இசக்கிசெல்வியின் தொழில். புனேயில் எஞ்சின்களைச் சோதித்துப் பார்க்கும் கூடத்தில் எஞ்சினியர். வாரக் கடைசியில் மும்பை ஆண்டாப் ஹில் வீட்டுக்கு வருவாள். அவள் படிப்புக்கு அப்பாவின் டெம்போ பாதி ஓடியது, அம்மாவின் கண் ஆஸ்பத்திரி வேலை பாதி ஓடியது.

மாட்டுங்காவில் அந்த ஆஸ்பத்திரி. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நோயாளிகளுக்குச் சொட்டு மருந்து விடுவது பேராச்சியின் வேலை. ஒரு நீள பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவள் ஒவ்வொருவர் தாடையையும் ஒரு விரலால் நிமிர்த்தி, சொட்டு விட்டு, "கண்ண மூடிக்கங்க" என்பாள். இந்திக்காரர்களுக்கு "ஆங்க் பந்த்." மராட்டிக்காரர்களுக்கு "டோளே மிட்டா." சிடுசிடுவென்று வந்த ஆள்கூட அவள் சொன்னதும் மூடிக்கொள்வான். பெஞ்சு முழுக்க மூடிய கண்கள். சிலர் அப்படியே தூங்கிப் போவார்கள். இத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு எங்கே போய் வருகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொள்வாளாம். அந்தக் கார்க் கனவு அந்த பெஞ்சிலிருந்துதான் தனக்கு ஒட்டிக்கொண்டது என்பாள்.

வேலையை விட்டதும் முதல் காரியமாக வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மோட்டார் ஸ்கூலில் சேர்ந்தாள். தெருவே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவர் மாரிக்கண்ணன். ஆயுசு பூராவும் தாராவிப் பட்டறைகளின் தோல் பைகளை டெம்போவில் ஏற்றி பிவண்டிக்கும் நெருளுக்கும் விட்டவர் அவர். பேராச்சிக்கு லைசென்ஸ் வந்த அன்று சொன்னார்: "நல்லதாப் போச்சு. கரண்டு போனா அத வச்சி விசிறிக்க."

அன்று ராத்திரி கட்டில் கூடுதலாக ஆடியது என்பார் அவர்.

டெம்போவை விற்ற பிறகு வீட்டுக்கு ஒரு கார் என்ற பேச்சு வந்தது. மாரிக்கண்ணன் மனதில் ஒரு டீசல் வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. உயரமானது. மூன்று வரிசை இருக்கை. கோயில் கொடை விழாவுக்கு மும்பையிலிருந்து ஊருக்குச் சொந்த வண்டியில் போய் இறங்க வேண்டும், அதுவும் தானே ஓட்டிக்கொண்டு. "டீசல்னா இழுவை இருக்கும். பெட்ரோலு என்னத்துக்கு? சத்தமே இல்லாம, சவலப் புள்ள மாதிரி."

இசக்கிசெல்வி சின்ன பெட்ரோல் கார் என்றாள். காரணங்கள் அவளிடம் இருந்தன. ஓட்டம் முழுக்க ஊருக்குள்ளேதான். இப்போதைய டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி நீள ஓட்டம் ஓடினால்தான் அந்தக் கரி எரியும். செம்பூருக்கும் மாட்டுங்காவுக்கும் சிக்னல் சிக்னலாக நின்று போனால் அடைத்துக்கொள்ளும்.

"வாரத்துக்கு ஒருக்கா ஹைவேல விட்டு எடுத்தாப் போச்சு. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

இப்படியே அப்பாவும் மகளும் பேசினார்கள். பேராச்சியிடம் யாரும் கேட்கவில்லை. அவளுக்கு வடிகட்டியும் இழுவையும் ஒரு பொருட்டில்லை. உயர வண்டி வந்தால் சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். தான் பின் இருக்கையில், மடியில் புளியோதரைத் தூக்கோடு. கனவில்கூட அதற்குப் பிறகு முன் இருக்கை கிடைக்குமோ கிடைக்காதோ. அவளுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் செம்பூர் ஷோரூமுக்குப் போனார்கள். அங்கே விற்பனையில் இருந்தவன் ஆஷிக், தாராவிக்காரன். அவன் வாப்பாவின் பைகளை மாரிக்கண்ணன் டெம்போவில் ஏற்றியிருக்கிறார். முதலில் டீசல். மாரிக்கண்ணன் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, எஞ்சின் கடகடத்ததும் முகம் மலர்ந்துபோனார். ஒரு சுற்றுப் போய் வந்து இறங்கினார். "இதுல்லா வண்டி."

"மாமா கை பட்டதும் வண்டியே மரியாதையா நிக்கி பாருங்க" என்றான் ஆஷிக்.

அப்போது பேராச்சி வாயைத் திறந்தாள். "நானும் ஒரு ரவுண்டு விட்டுப் பாக்கட்டா?"

அவள் டீசலில் ஏறினாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். முகப்புக்கு மேல் வானம்தான் தெரிந்தது. எம்பிப் பார்த்தாள். வானம்தான். இறங்கி, பக்கத்தில் நின்ற சின்ன வண்டியில் ஏறினாள். இருக்கையை முன்னால், இன்னும் முன்னால், அதற்குமேல் நகராது என்கிற வரைக்கும் இழுத்தாள். ரோடு தெரிந்தது.

மாரிக்கண்ணன் இடதுபக்கம் உட்கார்ந்தார். "ஷோரூம சுத்தி ஒரு சுத்து. அவ்வளவுதான்" என்றார். ஆஷிக்கும் இசக்கிசெல்வியும் பின்னால்.

முதல் சிக்னலில் வண்டி நின்றது. மாரிக்கண்ணன் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஆஃப் ஆயிட்டாட்டீ?"

"இல்ல. ஓடுது."

"சத்தத்தக் காணுமே."

"ஓடுதுன்னு சொல்லுதேன்லா."

இடது பக்கம் திரும்பி வந்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பஸ் பக்கவாட்டில் மூக்கை நீட்டியது. "விடு, விடு!" என்று மாரிக்கண்ணன் கத்தினார். பஸ்ஸை முன்னால் போக விடு என்று அவர் சொன்னார். வண்டியை விடு என்று அவள் கேட்டாள். டெம்போக்காரர் வீட்டில் வண்டியை ஓட்டுவது என்று யாரும் சொல்லமாட்டார்கள், விடுவதுதான். பேராச்சி விட்டாள். பஸ் ஹாரனை அழுத்தியது. சின்ன வண்டி அதன் மூக்குக்கு முன்னால் நுழைந்து, திருப்பத்தைத் தாண்டி, மேலே ஏறிவிட்டது.

"ஏ பேராச்சி, விடுன்னா விட்ருவியா?"

"நீங்கதான விடுன்னியோ?"

"மாமி, இது ஃப்ரீவே" என்றான் ஆஷிக், முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு. "இனி லேசுல திரும்ப முடியாது. ஆராம் சே போங்க, மெதுவா."

"மேனேஜர் வைவாரா?"

"அத நான் பாத்துக்கிடுதேன். நீங்க கண்ண மட்டும் ரோட்டுல வைங்க."

சுரங்கப் பாதை வந்தது. மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பேராச்சியின் முழங்கை மேல் ஏறி இறங்கிப் போயின. எஞ்சின் சத்தம் ஒரே சீராக, வெகு தூரத்தில் யாரோ தறி ஓட்டுவது போலக் கேட்டது. இசக்கிசெல்வி வழக்கம்போல அதை எண்ணாகக் கேட்கப் பார்த்தாள். முடியவில்லை. சுரங்கத்தின் வாய் சின்னதாக, வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு பெரிதாகிக்கொண்டே வந்தது. வெளியே வந்ததும் ரோடு உயர்ந்து, வீடுகளுக்கும் கிடங்குகளுக்கும் மேலே மிதந்தது. இடது பக்கம், கிரேன்களுக்கு அப்பால், சாம்பல் நிறத்தில் அகலமாக ஏதோ மினுங்கியது.

"எம்மா" என்றாள் இசக்கிசெல்வி. "கடலு."

"தெரியும்" என்றாள் பேராச்சி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அங்கதான இருக்கும்." பிறகு, "பாத்தியளா?" என்று புருஷனைக் கேட்டாள்.

மாரிக்கண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர் பஸ்ஸில் தூங்கியதில்லை. யார் ஓட்டும் டாக்சியிலும் தூங்கியதில்லை. அடுத்தவன் ஓட்டும்போது காலை ஊன்றி, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிற மனிதர். இப்போது தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, இரண்டு கால்களையும் தளர்த்திப் போட்டிருந்தார். பேராச்சி கண்ணாடியில் மகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். உடனே விரலை எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

ஃப்ரீவே முடிகிற இடத்தில் திரும்பி, மறுபடி அதே கடலை வலது பக்கம் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஷோரூம் வாசலில்தான் அவர் முழித்தார்.

"நல்ல தூக்கமோ, மாமா?"

"எவன் தூங்குனான்? கண்ண மூடிக்கிட்டு இருந்தேன்."

பேராச்சி சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் இதையே எத்தனை பேர் சொல்லிக் கேட்டவள்.

மாரிக்கண்ணன் இறங்கினார். டீசல் வண்டியிடம் போய் அதன் கதவை ஒருதரம் தடவிக் கொடுத்தார். திரும்பி வந்தார். "ஆஷிக்கு, சின்னதையே போடு."

"அப்ப கொடைக்கு?" என்றாள் இசக்கிசெல்வி.

"ரயிலு எதுக்கு விட்ருக்கான்?"

அதன் பிறகு பேராச்சி தூக்கத்தில் கார் ஓட்டவில்லை. கட்டில் சும்மா நின்றது. பகலில் ஓட்டினாள். நெருள் கோயிலுக்கு, கோவண்டியில் பேறுகாலத்துக்குப் போன பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்க, மாட்டுங்காவில் பழைய பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மோர் கொடுக்க. மழையில் கண்ணாடி துடைப்பான் ஆடும்போது மெதுவாகப் பாடுவாள். இடதுபக்கம் மாரிக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தூங்கவில்லை என்பார்.

போன மழைக்காலத்தில் பேராச்சிக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டிக்கொண்டு போனாள். வண்டியை இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே நேராக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, சாவியைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தாள். வீட்டுக்கு வந்தது ஆம்புலன்ஸில்.

காரியங்கள் முடிந்த பிறகுதான் வண்டி அங்கேயே நிற்பது நினைவுக்கு வந்தது. இசக்கிசெல்வியும் அப்பாவும் போனார்கள். முகப்பு முழுக்க வாகை இலை. சக்கரங்கள் கோட்டுக்குச் சமமாக இருந்தன. மாரிக்கண்ணன் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு இடதுபக்கம் போய் உட்கார்ந்தார்.

இசக்கிசெல்வி கதவைத் திறந்தாள். இருக்கை முன்னால், அதற்குமேல் நகராத இடத்தில் இருந்தது. உடம்பை ஒடுக்கி நுழைந்தாள். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்குக் கீழே முட்டின. நகர்த்தும் கம்பி கைக்குக் கீழேதான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். பின் இருக்கையின் தரை மட்டும் தெரிந்தது. அதையும் திருப்பவில்லை. கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்துக்கொண்டாள்.

"விடு, மெதுவா" என்றார் அப்பா. கண்ணை மூடியிருந்தார்.

வாசலைத் தாண்டி, மரங்களுக்குக் கீழே, முதல் சிக்னலில் நின்றார்கள். சிவப்பு வெகுநேரம் இருந்தது.

"ஆஃப் ஆயிட்டாட்டீ?"

"இல்லப்பா" என்றாள். "ஓடுது."