பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம்

செங்கல்பட்டிலே ஃபிட்டர் முனிசாமியைப் போலத் திமிர் பிடித்தவன் கிடையாது என்று ஊரில் நாலு பெரிய மனிதர்கள் சொல்வார்கள். அந்த நாலு பேருமே எப்போதோ ஒரு பழைய காரை எவன் தலையிலாவது கட்டப் பார்த்தவர்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஆளைப் பார்த்தால் திமிர் உட்கார இடமே இருக்காது. ஒல்லிக்குச்சி உடம்பு, கிரீஸ் ஏறின காக்கி நிஜார், காதிலே சொருகின பீடி. வாரத்தில் ஆறு நாள் பஸ் கம்பெனி ஷெட்டில் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடப்பான். ஞாயிற்றுக்கிழமையில் யாராவது பழைய கார் வாங்கக் கூப்பிட்டால், கூடப் போய்ப் பார்த்துச் சொல்லுவான்.

அவனுடைய திமிர் என்னவென்றால், விற்கிறவன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். அடேயப்பா, எவ்வளவு பெரிய குற்றம்! வீட்டுக்கு வந்தவன் ஒரு வாய் காபி வேண்டாம் என்றால், நம் ஊரில் அது செருப்பைக் கழற்றி அடித்ததற்குச் சமானம். குடித்துவிட்டாலோ, அந்த வீட்டைப் பற்றி அப்புறம் ஒரு குறை சொல்ல நாக்கு எழும்பாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்களே! பழைய கார் விற்கிறவர்கள் மற்றப் பாடங்களில் எப்படியோ, இந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு. பிரேக் பிடிக்காத வண்டி என்றால் காபி பலகாரம். எஞ்சினே போன வண்டி என்றால் இலை போட்டுச் சாப்பாடு.

முனிசாமியும் ஒரு காலத்தில் சாப்பிட்டவன்தான். சுதந்திரம் வந்த வருஷம் அவனுடைய சிநேகிதன் கோதண்டராமன் டாக்சி ஓட்டுவதற்கு ஒரு பழைய கார் பார்த்தான். முனிசாமிதான் சோதித்தான். விற்றவர் வீட்டில் கோழிக்குழம்பு. பிரேக் லொடலொட என்று இருப்பது முனிசாமிக்குத் தெரியும். ஆனால் வாயிலே கோழிக்காலை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அப்புறம் நாமே சரி பண்ணிக் கொடுத்துவிடலாம் என்று விட்டுவிட்டான். மூன்றாம் நாள் கூடுவாஞ்சேரி தாண்டி அந்தக் கார் புளியமரத்தில் மோதியது. கோதண்டராமனுக்கு இடது கால் முழங்காலோடு போயிற்று. முனிசாமி ஆஸ்பத்திரிக்குப் போய் உண்மையைச் சொல்லி ஓவென்று அழுதான். கோதண்டராமன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு அற்றுப்போயிற்று.

கால் போனவன் டீக்கடை வைத்தான். எங்கே வைத்தான் தெரியுமா? செங்கல்பட்டில் வேறு இடமே இல்லாத மாதிரி, பஸ் ஷெட்டுக்கு நேர் எதிரே. ஷெட்டில் இருக்கிற அத்தனை பேரும் அங்கேதான் டீ குடிப்பார்கள். முனிசாமி மட்டும் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய்க் குடித்துவிட்டு வருவான். ஒன்பது வருஷமாக இதே நடை.

இந்த நிலைமையில்தான் ஐம்பத்தாறாம் வருஷம் பினாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வெங்கடராகவன். அங்கே ஒரு ஆபீசில் குமாஸ்தா. பினாங்கில் பன்னிரண்டு வருஷமாகச் சைக்கிள் மிதித்தவருக்கு, குடும்பத்தோடு ஊர் திரும்பும்போது மட்டும் காரில்தான் வந்து இறங்க வேண்டுமாம். செய்யூர் ராஜாராமய்யங்கார் தம்முடைய சீமைக் காரை விற்கிறார் என்று காதுக்கு எட்டியதும், அக்காள் ரங்கநாயகியின் புருஷர் பட்டாபிராமனுக்கு எழுதிவிட்டார். ஒன்று இரண்டல்ல, பதினோரு பக்கம். ஏதோ மோட்டார் பத்திரிகையைப் பார்த்து இருபத்தேழு சோதனைகள் இங்கிலீஷில். முக்கியமானது இது: ‘முன்கூட்டிச் சொல்லாமல், விடியற்காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பார்க்கவும். நல்ல மெக்கானிக் ஒருவர் கூட வரட்டும். மூன்று குழந்தைகள் ஏறப்போகிற வண்டி.’

பட்டாபிராமன் ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியார். அசோகர் எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். காரில் பெட்ரோல் எந்தப் பக்கம் ஊற்றுவது என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார். ஆனாலும் பண்பு தெரிந்தவர். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெரிய மனுஷர் வீட்டு வாசலில் போய் நிற்கலாமா? வருகிறோம் என்று ஒரு வாரத்துக்கு முன்பே கார்டு போட்டார். அதோடு அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சாங்கப்படி மரணயோகம், பத்தரைக்கு மேல்தான் நல்ல வேளை. ஆகையால் மச்சினர் எழுதின விடியற்காலையும் போயிற்று. முனிசாமியைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் செய்யூர் போய்ச் சேர்ந்தார்.

கரும்பச்சைக் கார் வாசலில் சந்தனப் பொட்டோடு நின்றது. முனிசாமி பானெட்டின் மேல் கையை வைத்தான்.

“இன்னா சாமி, எஞ்சினு கொதிச்சிகினு கீது?”

ராஜாராமய்யங்கார் பட்டாபிராமனைப் பார்த்துச் சிரித்தார். “நீங்க வரேள்னு கார்டு வந்ததோல்லியோ? கார்த்தாலேருந்தே ஸ்டார்ட் பண்ணித் தயாரா வெச்சிருக்கேன். வாங்கோ, முதல்ல கை கால் அலம்புங்கோ.”

அந்த வீட்டில் முனிசாமி மாதிரி ஆட்களுக்குத் தாகம் எடுத்தால், கொல்லைப்புறம் போய் இரண்டு கையையும் ஏந்தினால் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். அதுதான் வழக்கம். அன்றைக்குப் பாருங்கள், முன்வாசலில், வெள்ளி டம்ளரில், நுரை பொங்கக் காபி! ஐயங்காரே தம் கையால் நீட்டினார். ஒரு கார் விலைபோக வேண்டுமென்றால் ஜாதி ஆசாரமெல்லாம் எவ்வளவு சீக்கிரம் ஒழிகிறது! தேசத்தில் ஆளுக்கொரு பழைய காரை விற்கச் சொல்லிச் சட்டம் போட்டால் தேவலை.

“வேணாம் சாமி,” என்றான் முனிசாமி.

“ஏன், எங்காத்துக் காபி தொண்டையில எறங்காதோ?”

“பச்சத் தண்ணி கூட வேணாம் சாமி. நான் வண்டிய பாக்கறேன்.”

ஐயங்கார் முகம் சுண்டிப்போயிற்று. பட்டாபிராமனுக்கோ மானமே போய்விட்டது. அந்தக் குறையை ஈடுகட்ட இரண்டு பேர் பங்கையும் தாமே சாப்பிடுவது என்று தீர்மானித்து உள்ளே போனார். ஐயங்காரின் சகதர்மிணி பெருந்தேவி அக்காரவடிசல் செய்திருந்தாள். நெய் முழங்கை வரைக்கும் ஓடியது. முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்த வாத்தியார், தம் பங்குக்குச் சோதனையை ஆரம்பித்தார். நம்பர் பிளேட்டைக் கூட்டினார், ஆறு வந்தது. சுக்கிரன், பேஷ். பின் சீட்டில் உட்கார்ந்து இரண்டு தரம் எம்பினார். ஹாரனை அமுக்கிவிட்டு, “நாதம் சுத்தமா இருக்கு,” என்றார். பதினோரு பக்கக் கடிதம் அவர் பையிலேயே பத்திரமாக இருந்தது.

முனிசாமி சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போயிருந்தான். அடிப்பக்கம் பூராவும் புதுக் கறுப்பு பெயிண்ட். அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று பெயிண்ட் அடித்தார்கள்? அவனுக்கு அப்போதே உறைத்துவிட்டது. ஸ்பேனரால் காரின் அடிச்சட்டத்தைத் தட்டிக்கொண்டே வந்தான். டங், டங் என்று வந்த சத்தம், ஸ்டியரிங் பெட்டியை முடுக்கியிருக்கிற இடத்தில் பொத் என்றது. திருப்புளியால் ஒரு நெம்பு நெம்பினான். உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு அப்பளமாகப் பெயர்ந்து நெஞ்சிலே விழுந்தது. ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது. அந்த வீட்டில் அவன் வாயில் வைத்தது அது ஒன்றுதான். மீதித் துண்டைப் பீடிக் கட்டுக் காகிதத்தில் மடித்து நிஜார் பையில் போட்டுக்கொண்டான்.

எழுந்து வந்து ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டான்: “சாமி, வண்டி கடக்கரைப் பக்கம் போவுமா?”

“போகுமாவா! வாரத்துல நாலு நாள் கடப்பாக்கம் கோட்டை வரைக்கும் காத்து வாங்கப் போவேன். ரோட்டுல இல்லேப்பா, மணல்லேயே, அலை மேல அடிக்க அடிக்க! கப்பல் மாதிரிப் போகும்.”

“அதான் சாமி, கப்பலு மாதிரியே உப்புல ஊறிப்போய்க் கீது. ஸ்டேரிங் பொட்டி மாட்டியிருக்கிற எடமே செல்லரிச்சிடுச்சி. பெரிய பள்ளத்துல ஒரு தபா எறங்குச்சின்னா ஸ்டேரிங் கையோட வந்துடும். வாத்தியார் சாமி, இத்த வாங்காதீங்க. கொயந்தைங்க ஏர்ற வண்டி.”

பட்டாபிராமன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஏப்பம்தான் வந்தது. அதற்குள் பெருந்தேவி வழிக்கு என்று புளியோதரைப் பொட்டலம் வேறு கொண்டுவந்து நீட்டினாள்.

பஸ்ஸில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வாத்தியார் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்: “எழுதிடறேம்ப்பா. நீ சொன்னதை அப்படியே எழுதிடறேன்.” இருபத்தேழு சோதனைகள் எழுதின காகிதத்தையும், உனக்கு உபயோகப்படும் என்று அவனிடமே கொடுத்துவிட்டார். முனிசாமிக்கு இங்கிலீஷ் வாசனையே கிடையாது. அதனால் என்ன, வாத்தியாருக்குப் பாரம் குறைந்தது பாருங்கள்.

ஒரு மாதம் போயிற்று. ஒரு நாள் வாத்தியார் சிரித்த முகத்தோடு ஷெட்டுக்கு வந்தார்.

“முனிசாமி, மச்சினன் இன்னும் மூணு வாரத்துல கப்பல் ஏறறான். நீதான் மெட்ராஸ் ஹார்பருக்குக் காரை ஓட்டிண்டு வரணும்.”

“எந்தக் காரு சாமி?”

“அதே கார்தாம்ப்பா. அட்வான்ஸ் அனுப்பிட்டான்.”

முனிசாமி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். “நான் சொன்னத எழுதலியா?”

“எழுதாம இருப்பேனா? வயசுக்கேத்த தேய்மானம் கொஞ்சம் இருக்குன்னு எழுதினேன். அவாத்துல அப்படி உபசாரம் பண்ணாளே, அதுக்கு மேல எப்படிடா எழுதறது?”

முனிசாமிக்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தின்ற கோழிக்குழம்பு அப்போதுதான் தொண்டைக்கு ஏறி வந்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்த இங்கிலீஷ் காகிதத்தை எடுத்தான். தலைப்பில் பினாங்கு விலாசம் இருந்தது. இங்கிலீஷ் எழுத்துத் தெரியாவிட்டால் என்ன? பெண்சாதி சின்னப்பொண்ணுவுக்குக் கோலம் தெரியுமே! ஒரு கவரை முன்னால் வைத்து, “இத்த பாத்து அப்டியே போடும்மே,” என்றான். அவள் ஒவ்வொரு எழுத்தையும் சிக்குக்கோலம் மாதிரி வளைத்து வளைத்துப் போட்டு முடித்தாள். உள்ளே அந்த இரும்பு அப்பளத்தையும் ஒரு சீட்டையும் வைத்தான். சீட்டில் தமிழில் இரண்டே வரி: ‘இது உங்கள் காரின் எலும்பு. ஸ்டியரிங் இதன் மேல் இருக்கிறது. கையால் நொறுக்கிப் பார்க்கவும். ஃபிட்டர் முனிசாமி, செங்கல்பட்டு.’ மறுநாள் தபாலாபீசில் அதை நிறுத்துப் பார்த்து, ஸ்டாம்பாலேயே கவரை மூடினார்கள். அது போய்ச் சேருமா, கப்பலுக்கு முன்னால் சேருமா என்று ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தான்.

சேர்ந்தது. பதில் பட்டாபிராமனுக்குத்தான் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் ஷெட் வாசலுக்கு வந்து நின்றார்.

“கேளுடா, என் மச்சினன் எனக்கு எழுதியிருக்கறதை! ‘அத்திம்பேருக்கு அநேக நமஸ்காரம். கார் வந்து சேர்ந்தது. கவருக்குள்ளேயே இருந்தது. விரலால் தொட்டதும் பாதி பொடியாகிவிட்டது. மீதிக் காரை வாங்குவதாக உத்தேசமில்லை. நாங்கள் ஹார்பரிலிருந்து ரயிலில் வந்துகொள்கிறோம்.’ பாவி! ராஜாராமய்யங்கார் ஊர் பூரா என்னைத் தூத்தறார். அவாத்துச் சோத்தைத் தின்னுட்டு நான் இனிமே எந்த மூஞ்சியோட செய்யூர்ல கால் வெப்பேன்?”

ஷெட்டில் சுத்தியல் சத்தம் நின்றது. எதிரே டீக்கடையில் டீ ஆற்றுகிற சத்தமும் நின்றது.

முனிசாமி காரைப் பற்றி ஏதாவது பதில் சொல்வான் என்று பார்த்தால், அழ ஆரம்பித்துவிட்டான். “உங்களுக்கு வெக்கறதுக்குக் காலாவது கீது சாமி! நானும் உங்கள மாதிரிதான் ஒரு வூட்ல தின்னுட்டு வாய மூடிக்கினு வந்தேன். நான் தின்ன சோத்துக்கு ஒருத்தன் காலு போச்சி. இன்னிக்கும் அவன் எதிருல கட்டக்காலோட நின்னுகினு கீறான். அவன் மூஞ்சிய பாக்கத் துப்பு இல்லாம நான் ஸ்டேஷனாண்ட போய் டீ குடிச்சிட்டு வரேன். மூஞ்சிய பத்தி எங்கிட்ட பேசாதீங்க!”

வாத்தியார் கடிதத்தை மடித்தார். வந்த வழியே போய்விட்டார்.

அப்புறம் எதிர்க்கடையிலிருந்து ஒன்பது வருஷமாகக் கேட்காத குரல் வந்தது.

“டேய் முனிசாமி! இங்க வாடா.”

முனிசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினான். கோதண்டராமன் கட்டைக்காலை ஊன்றிக்கொண்டு, அவன் மூஞ்சியைப் பார்க்காமலே கிளாஸை நீட்டினான்.

“பயப்படாம குடி. எங்கிட்ட விக்கறதுக்கு வண்டி ஒண்ணும் இல்ல.”

முனிசாமி இரண்டு கையாலும் வாங்கினான். ஒரு வாய் குடித்தான். கோதண்டராமனை நிமிர்ந்து பார்த்தான்.

“சக்கர ஜாஸ்திப்பா,” என்றான்.

“குடிச்சிட்டும் கொற சொல்றியா! இந்த வாயி அன்னிக்கு எங்கடா போச்சி?” என்று கேட்டுவிட்டு, கோதண்டராமன் கிளாஸைப் பிடுங்கி, இன்னும் கொஞ்சம் டிக்காஷன் ஊற்றிக் கொடுத்தான்.