கொரியா ஓட்டலில் கறி சுட்டுக் கொடுத்த முனிரத்தினம்

வேன் சங்கத்துச் சொந்தங்களே, செய்தி வந்தபோது நான் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, நான்கு பேருக்குச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தேன். வக்கீல்களே என்னிடம் சந்தேகம் கேட்டுப் போகிற கடை அது. செல்போன் அடித்தது. நம் சங்கத் தலைவர் தணிகாசலம்.

"யோவ், முனிரத்தினம் காலைல நெஞ்சு வலின்னானாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி. நம்ம அன்னதானத்துல அவன் கரண்டி புடிச்சிக்கினு நிக்கிற போட்டோ ஒண்ணு இருந்துச்சே, உங்கிட்ட இருக்குதா? பிளெக்ஸ் அடிக்கணும்."

செத்த செய்தியும் போட்டோவும் ஒரே மூச்சில் வந்தன. அந்தக் கரண்டியை முனிரத்தினத்தின் கையிலிருந்து பிடுங்கியவரே அந்தப் போட்டோவைக் கேட்கிறார். போட்டோ என்னிடம் இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆண்டு மலருக்கு அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னீர்கள். 'அவர்' என்று எழுத வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினீர்கள். அவர் என்று எழுதினால் வேறு யாரோ செத்தது போலிருக்கிறது. உயிரோடு இருந்தபோது ஒருவரும் அவனை அவர் என்று சொன்னதில்லை. இப்போது என்ன திடீர் மரியாதை? எனக்கு எட்டாம் வகுப்புதான், அதுவும் பரீட்சை எழுதாத எட்டாம் வகுப்பு. ஆனால் எம்.ஏ. படித்தவன் எழுதுவதைவிட நன்றாகவே எழுதுவேன். பக்கமும் கூடப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருடம் அவன் நம் ஸ்டாண்டுக்கு வந்தான். கீழ்பென்னாத்தூர் பக்கம் என்று மட்டும் சொன்னான். முதலில் ஏறியது என் வண்டியில். அப்போது என்னிடம் பதினோரு வேன் ஓடியது. தலைவர் குறைத்துச் சொல்வார், அவருக்கு எண்ணத் தெரியாது. முதல் வாரமே பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், கிரிவலத்துக்கு நேரமாகிறது என்று பின்சீட்டிலிருந்து விரட்டிக்கொண்டே வந்தார். முனிரத்தினம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மலை எங்கயும் போவாது சார். நீங்கதான் போய்டுவீங்க போலக்கீது" என்றான். முப்பது வருடத்தில் யாரையும் அண்ணாந்து பார்த்துப் பேசியதில்லை அவன். என்னைத் தவிர என்று சொல்ல ஆசைதான். என்னையும்தான்.

அவன் சமைப்பான் என்று கண்டுபிடித்தவன் நான். ஒரு தீபத்தன்று கிரிவலப் பாதையில் நம் அன்னதானப் பந்தலில் நல்ல மழை. விறகு நனைந்துவிட்டது. கூலிக்கு வந்த சமையல்காரர் அண்டாவை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். வண்டியிலிருந்து இறங்கி வந்த முனிரத்தினம் கரண்டியை எடுத்தான். அன்று அவன் கிண்டிய சாம்பார் சாதத்துக்கு, பக்கத்துப் பந்தலில் பரிமாறுகிறவர்களே இலையை எடுத்துக்கொண்டு நம் வரிசையில் வந்து நின்றார்கள். லட்சம் பேர் சாப்பிட்டார்கள். ருசி பார்த்து உப்புப் போட மாட்டான். "மூக்கு போதும்" என்பான். அதன் பிறகு ஒவ்வொரு தீபத்துக்கும் அவன்தான். வருடம் முழுக்க டிரைவர், அன்று ஒரு நாள் ராஜா. அந்த ஒரு நாளைக்காகத்தான் மற்ற நாளெல்லாம் நம் முகங்களைச் சகித்துக்கொண்டிருந்தான் என்பது என் எண்ணம்.

அவன் ஊரில் எந்தத் தெரு என்று அத்தனை வருடத்தில் நாம் யாரும் கேட்டதில்லை. இதைப் பெருந்தன்மை என்று பூசி மெழுக வேண்டாம். கேட்டால் என்ன பதில் வரும் என்பது பாதி தெரியும். சாம்பார் சாதம் நின்றுவிடுமே என்று கேட்கவில்லை.

ஐந்தாறு வருடம் முன்னால், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கொரியாக்காரக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போக வேன் கேட்டார்கள். தலைவர், நான், வண்டி ஓட்ட முனிரத்தினம் என்று மூன்று பேர் போனோம். வந்தவாசி, காஞ்சிபுரம் வழியாக இரண்டே மணி நேரம். நான் வழி சொன்னதால்தான் அந்த வேகம். கம்பெனியில் பேச்செல்லாம் நான்தான். முடிந்ததும் அந்த கொரியா ஆபீசர் எங்களைச் சாப்பிடக் கூட்டிப்போனார். நான்கு வருடம் இங்கே இருந்தவர், கொஞ்சம் தமிழ் வரும். "வாங்க, வாங்க, எங்க ஊர் சாப்பாடு" என்றார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கொரியா அம்மாள் நடத்திய ஓட்டல் அது. இப்போது அதைப் பற்றி என்ன பேச்சு பேசுகிறார்கள். அன்றும் வாசலில் முப்பது கார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறவர்களும் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்களும் பிளாஸ்டிக் நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, பேர் கூப்பிடுவதற்காகக் காது நீட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனால் மேசை நடுவில் ஓர் அடுப்பு. அதற்கு மேலே கூரையிலிருந்து புகையை இழுக்க ஒரு தகரக் குழாய் தொங்குகிறது. ஒரு தட்டு நிறைய பச்சைப் பன்றிக் கறியைக் கொண்டுவந்து வைத்தாள் பரிமாறுகிற பெண். நம் பக்கத்துப் பெண்தான், பேச்சிலேயே தெரிந்தது.

"எம்மா, இது வேகவே இல்லையே" என்றார் தலைவர்.

"நீங்கதான் சார் சுட்டுக்கணும்."

"நாங்க சுடறதுக்கு நீங்க எதுக்கு?"

"வர்றவங்க எல்லாரும் அதத்தான் சார் கேக்கறாங்க. அப்பறம் மறுபடி வர்றாங்க" என்று சொல்லி, தையல்காரர் வைத்திருப்பது போல ஒரு கத்தரிக்கோலையும் இடுக்கியையும் வைத்துவிட்டுப் போனாள்.

சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கிண்ணம். விரல் நுனியில் எடுத்தால் தீர்ந்துபோகும் அளவுக்கு ஒவ்வொன்றிலும் எதையோ வைத்திருந்தார்கள். புளித்த முட்டைக்கோஸ், பச்சைப் பூண்டு, சிவப்பாக ஒரு துவையல். ஒரு கூடையில் இலை. தலைவர் அதில் பெரிய இலையாகப் பார்த்து ஒன்றை எடுத்து முன்னால் விரித்தார். தம்ளர் தண்ணீரைத் தெளித்துக் கையால் துடைத்தார். துவையலை மேல் ஓரத்தில் வைத்தார். பிறகு சோறு வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கறியை வைத்துச் சுருட்டி வாயில் போட வேண்டிய இலை அது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. என் முன்னாலும் ஓர் இலை விரித்திருந்தது, அது வேறு விஷயம்.

அந்த நேரம் பார்த்து ஆபீசருக்குப் போன் வந்தது. வெளியே போனார். தலைவர் சும்மா இருப்பாரா? எல்லாக் கறியையும் ஒரே தடவையில் அடுப்பில் கொட்டினார். கொழுப்பு உருகித் தீ ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனிரத்தினம் ஓரமாக உட்கார்ந்திருந்தான். தலைவர் கையிலிருந்து இடுக்கியை வாங்கினான். பாதிக் கறியைத் தட்டுக்கே திருப்பினான். தீயைக் குறைத்தான். கொழுப்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தான். நான் திருப்பப் போனேன். கையைத் தட்டிவிட்டான்.

"இருங்கண்ணா. கொழுப்பு கண்ணாடி மாதிரி ஆவணும். அதுக்கு முன்னாடி தொட்டீங்கன்னா செருப்பு மாதிரி இருக்கும்."

ஆனது. திருப்பினான், வெட்டினான், எங்கள் இலைகளில் வைத்தான். அந்த ஓட்டலின் பெருமையெல்லாம் அந்த ஒரு மேசையில் ஒரு டிரைவரின் கையில்தான் இருந்தது. சுற்றியிருந்த மேசைகளில் காரில் வந்தவர்கள் கருகிய கறியைச் சவைத்துக்கொண்டு, ஆகா என்று ஒருவரையொருவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்த ஆபீசர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். எழுந்து முனிரத்தினத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நீங்க குக்?"

"டிரைவர் சார்."

அவர் நம்பவில்லை. ஓர் இலையில் கறி, பூண்டு, துவையல் எல்லாம் வைத்து உருண்டையாகச் சுருட்டினார். விருந்தில் பெரிய ஆளுக்கு முதல் வாய் ஊட்டுவது அவர்கள் வழக்கமாம். தலைவர் வாயைத் திறந்துகொண்டு முன்னால் சாய்ந்தார். உருண்டை அவரைத் தாண்டிப் போய் முனிரத்தினத்தின் வாயில் இறங்கியது. தலைவர் திறந்த வாயைக் கொட்டாவி ஆக்கிக்கொண்டார். எனக்கு அந்தக் காட்சி ஒன்றே போதும், அந்த ஓட்டலுக்கு வேறு சிறப்பு வேண்டாம்.

வேன் காஞ்சிபுரம் தாண்டியதும் தலைவர் கேட்டார். "முனிரத்தினம், இந்தத் தொழில்லாம் எங்க கத்துக்கின?"

"எங்க வூட்லதான். எங்கம்மா ஞாயித்துக்கெழம ஓட்டு மேல வச்சி சுடும். இத விட நல்லாருக்கும். அங்க இருந்தது பன்னி இல்ல தலைவரே, பன்னியோட நிழல்."

மறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு எழுந்து வந்தவர்கள்தானே என்று நினைத்திருப்பான்.

அடுத்த தீபத்துக்கு முன்னால் சங்கக் கூட்டம். உங்களில் பலர் இருந்தீர்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "சாமி காரியம். அவன் வூட்ல இன்னா சமைக்கிறாங்கன்னு தெரிஞ்சி போச்சி. தெரிஞ்ச அப்பறம் கரண்டிய குடுக்க முடியாது."

முனிரத்தினம் கடைசி வரிசையில் நின்றிருந்தான். "அன்னிக்கு நீங்களும்தான துன்னீங்க தலைவரே?"

"நான் வேலையா போன எடத்துல மரியாதைக்கு ரெண்டு வாய் வச்சேன். உன்னுது பழகின கையி."

"ரெண்டு வாயா. நான் எண்ணல தலைவரே, சுடறவனுக்கு எண்ண எங்க நேரம். மூணு தட்டு வந்துச்சி, மூணும் காலியா போச்சி. நான் துன்னது ஒரே வாயி, அதுவும் அவரு ஊட்டனது."

ஒருவரும் எழுந்து பேசவில்லை. அன்று நான் மேசையைத் தட்டி எழுந்தேன் என்று எல்லா டீக்கடையிலும் சொல்லி வருகிறேன். தட்டவில்லை. காபித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி ஒப்பந்தத்தில் என் வண்டிகள் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. அதைத் தலைவர் நினைத்தால் நிறுத்தியிருக்கலாம்.

கரண்டி வேறு ஆளுக்குப் போனது. இரண்டு தீபம் போயிற்று. வாங்கிய சாதத்தை மக்கள் பாதை ஓரத்தில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். தலைவர் என்னைத் தூது அனுப்பினார். வேங்கிக்கால் வாடகை வீட்டின் முன்னால் முனிரத்தினம் வண்டி கழுவிக்கொண்டிருந்தான்.

"தலைவர் கூப்ட்டாருய்யா. இந்த வருஷம் நீதான் கரண்டி."

"அவருக்கு வாயி இல்லியா, உங்க வாயில கூப்புடறாரு?"

"பிகு பண்ணாத. ஜனங்க கேக்கறாங்க."

துணியைப் பிழிந்து கண்ணாடி மேல் போட்டான். "வர்றேண்ணா. ஒரே கண்டிஷன். பந்தல்ல மைக்கு கட்றீங்க இல்ல? அதுல தலைவர் ஒரு வாட்டி சொல்லட்டும், நானும் பன்னிக்கறி சாப்ட்டேன்னு. அடுத்த நிமிஷம் வந்து கரண்டிய புடிக்கிறேன்."

"அத எப்பிடிய்யா அவரு சொல்வாரு?"

"அப்ப நான் எப்பிடிண்ணா வருவேன்?"

தலைவர் சொல்லவில்லை. அவனும் வரவில்லை. ஒவ்வொரு தீபத்துக்கும் யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு பந்தல் வழியாகவே போவான். ஒரு தடவை பந்தல் வாசலில் நான் நின்றிருந்தபோது வண்டியை மெதுவாக்கி, "பருப்பு அடி புடிச்சிருக்கு, போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். போய்ப் பார்த்தேன். பிடித்திருந்தது.

இப்போது சென்னையில் வேலைக்குப் போன உங்கள் பிள்ளைகள், கொரியா ஓட்டலில் சாப்பிட்டோம் என்று போனில் சொன்னால் அதை ஸ்டாண்டு முழுக்கப் பெருமையடிக்கிறீர்கள். அதே பன்றிதான். குளிர்சாதன அறையில் சாப்பிட்டால் உங்களுக்கு அது வேறு பிராணி ஆகிவிடுகிறது. படத்திறப்பு அன்று தலைவர் அந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அவன் கைமணம் யாருக்கு வரும்" என்று கண்ணைத் துடைத்தார். நீங்களும் துடைத்தீர்கள். துடைத்த துண்டுகளைத் துவைத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தவனுக்கு ஆகும்.

நான் அவனிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அவன் கேட்ட அந்த ஒரு கண்டிஷனைத்தான். மைக் எனக்குக் கொடுக்க மாட்டீர்கள். மலரில் இடம் கொடுத்துவிட்டீர்கள். அதனால் அச்சிலேயே சொல்கிறேன். தலைவர் தணிகாசலம் அன்று பன்றிக் கறி சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன், தலைவரைவிட ஜாஸ்தி சாப்பிட்டேன். சுட்டுக் கொடுத்தவன் முனிரத்தினம். நன்றாக இருந்தது.