நான் கரைத்துக் கொடுத்த கருப்பட்டி

தவக்காலம் முழுக்க ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருந்த அய்யா, ஈஸ்டர் பண்டிகையான பாஸ்காவன்று கறிச்சோற்றை ஒரு பிடி பிடித்தார். மறுநாள் காலை அவரால் பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. கரைவலை இழுத்து உரமேறிய கால்கள் யாருடையவையோபோலக் கிடந்தன.

"சட்டிய வழிச்சுத் தின்னுட்டு இப்ப எந்திரிக்க வலிக்குதாக்கும்? ஏலே, வலை கெடக்குலே" என்றார் அத்தை.

அய்யா சிரிக்கவில்லை. "காலு வரமாட்டேங்குதுக்கா."

அத்தையின் முகம் மாறிவிட்டது. நாற்பது நாள் பட்டினி கிடந்த உடம்பு, இற்றுப்போய்விட்டது என்றார். தங்கச்சிமடத்தில் பாஸ்கா கழிந்து யார் படுத்தாலும் பழி ஒருசந்தியின் மேல்தான் விழும். முந்தின நாள் சாப்பாட்டை யாரும் சந்தேகிப்பதில்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். இனிப்பு உடம்புக்குத் தெம்பு தரும் என்று சுகாதாரப் பாடத்தில் இருந்ததை எல்லாருக்கும் கேட்கும்படி ஒப்பித்தேன். அம்மா நம்பினார். கருப்பட்டியைக் கரைத்து நானே மூன்று குவளை புகட்டினேன். சற்று நேரத்தில் கைகளும் விழுந்துவிட்டன. பிறகு தலையைத் தூக்க முடியவில்லை.

"மூச்சு முட்டுது தாயி" என்றார் அய்யா. நான் இன்னொரு குவளை கரைத்தேன்.

பாயோடு தூக்கி ரயிலேற்றி மதுரைக்குக் கொண்டுபோனோம். பாலத்தில் ரயில் ஊர்ந்தபோதுகூட நான் கடலைப் பார்க்கவில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், அதில் பொட்டாசியம் என்ற உப்பு மிகவும் குறைந்திருக்கிறது என்றார். வயிறு முட்டச் சோறு தின்றாலும், இனிப்புக் குடித்தாலும் அந்த உப்பு ரத்தத்தை விட்டுத் தசைக்குள் போய்விடுமாம். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உப்பு மருந்து கொடுத்தார்கள். சாயங்காலம் அய்யாவின் விரல்கள் அசைந்தன.

"இவர் அப்பாவுக்கும் இப்படி வந்ததுண்டா?" என்று டாக்டர் விசாரித்தார்.

"வருசத்துக்கு ரெண்டு தடவ விழுவாக. கடக்கரைப் பேய் அடிச்சிருச்சுன்னு சொல்லுவாக" என்றார் அத்தை.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னை அருகில் அழைத்தார். வயதைக் கேட்டார். கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். காலையில் எழும்போது கால் கனக்கிறதா என்றார். இத்தனை பெரியவர்கள் இருக்க, படிக்கிற பிள்ளை என்றுதான் என்னிடம் பேசுகிறார் என்று நினைத்து, நிமிர்ந்து நின்று, "இல்லை சார்" என்று சத்தமாகச் சொன்னேன்.

அய்யா பிழைத்துவிட்ட பிறகும் அம்மா எதற்காக அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.