பாலாவியில் மாற்றிய பற்றரி

மாமி மௌத்தான செய்தி காலை எட்டு மணிக்கு வந்தது. மாமி என்றால் என் மனைவியின் உம்மா. கற்பிட்டியில் தன் மகனோடு இருந்தவர். நாங்கள் புத்தளத்துக்கு இந்தப் பக்கம், கரைத்தீவில். பன்னிரண்டு மணிக்கு ஜனாஸாவை வீட்டிலிருந்து எடுப்பதாகவும் மதிய லுஹர் தொழுகையோடு அடக்கம் என்றும் மச்சான் போனில் சொன்னான். எங்கள் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. எடுப்பதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் என் மனைவி தன் உம்மாவின் முகத்தைப் பார்க்க முடியும்.

ஒன்றரை மணி நேரப் பயணம்தான். நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் கார் மக்கர் பண்ணியது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அந்தக் காருக்கு என் மூத்த மகளைவிட வயது கூட. பற்றரியின் மூடிகளைக் கழற்றி மாதம் ஒருமுறை தண்ணீர் பார்க்க வேண்டும். அதற்கென்று கடையில் போத்தலில் தண்ணீர் விற்கிறார்கள். நாங்கள் குடிக்கிற பில்டர் தண்ணீருக்குக் காசு கொடுப்பது போதாதா, காருக்கும் வாங்க வேண்டுமா என்று நான் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்தேன். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். "நாம குடிக்காத தண்ணிய அதுக்கு ஏன் ஊத்துறீங்க?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். "கார் வந்து உனக்கிட்டச் சொல்லிச்சா?" என்று அவள் வாயை அடைத்தேன். அந்த வாய்க்கொழுப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அயலவர்கள் நாலு பேர் வந்து தள்ளி விட்டார்கள். இரண்டாம் தள்ளலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. "வழியில எங்கயும் நிப்பாட்டிராதீங்க நானா," என்றான் அடுத்த வீட்டுத் தம்பி. புத்தளம் தாண்டும் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பாலாவிச் சந்தியில் ஒரு லொறி குறுக்கே வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி அந்தச் சாரதியைக் கிழிகிழியென்று கிழிக்கப் போன வேகத்தில் கிளச்சிலிருந்து காலை எடுத்துவிட்டேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. தள்ளிப் பார்த்தோம், எஞ்சின் பிடிக்கவே இல்லை. மணி பத்து.

நல்ல காலம், சந்தியிலேயே ஒரு பற்றரிக் கடை இருந்தது. கடைக்காரர் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"என்ன தண்ணி ஊத்தினீங்க?"

"கிணத்துத் தண்ணி," என்று மனைவி சொன்னாள். குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவளுக்கு அவசரம்.

"உள்ளுக்குத் தட்டெல்லாம் பழுதாப் போயிட்டு. புதுசுதான் போடணும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "இஞ்சேருங்க, ஓட்டோ ஒண்டப் புடிச்சிப் போயிருவம்."

"பத்து நிமிச வேல. கார ரோட்டுல போட்டுட்டு வரச் சொல்றியா?"

அவள் கடை வாசலில் கிடந்த கதிரையில் போய் உட்கார்ந்தாள்.

கடைக்காரர் புதிய பற்றரியைக் கொண்டுவந்து வைத்தார். அதில் பிளஸ் முனை வலது பக்கம் இருந்தது. எங்கள் காரின் வயர் இடது பக்கம். எவ்வளவு இழுத்தும் எட்டவில்லை. திருப்பி வைத்தால் பற்றரியை இறுக்கும் கம்பி பூட்டுப்படவில்லை. சரியானதைப் புத்தளத்திலிருந்து எடுத்துவர மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பினார். அப்போதாவது ஓட்டோவை மறித்திருக்கலாம். இரண்டு மூன்று என் கண் முன்னாலேயே வெறுமையாகப் போயின. சொன்ன சொல்லிலிருந்து இறங்கி வருவது எனக்கு அவ்வளவு கஷ்டம். போனவன் திரும்பி வந்து, பூட்டி முடிய பதினொன்றரை ஆகிவிட்டது.

மச்சானுக்குப் போன் எடுத்தேன். "நான் என்ன செய்ய மச்சான், ஆக்களெல்லாம் வந்திட்டாங்க. ஒரு பத்து நிமிசம் பாக்கிறன்," என்றான்.

கற்பிட்டி வீதியில் அன்று ஓட்டியதுபோல் நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. மனைவி திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவள் உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது.

வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியபோது மாமியைக் கிடத்திய சந்தூக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. மூடிப் போர்த்து, ஆண்கள் தோளில் தூக்கியிருந்தார்கள். மனைவி இறங்கி மதிலோடு ஒட்டி நின்றாள். "உம்மா," என்று ஒரேயொரு தடவை கூப்பிட்டாள். சந்தூக்கு நிற்கவில்லை. யாரோ எனக்கு இடம் விட்டார்கள்; நானும் தோள் கொடுத்துக்கொண்டு போனேன்.

தொழுகை முடிந்து மையவாடியில் கபுர்க் குழிக்குள் இறக்கி, கபன் துணியின் கட்டை அவிழ்த்து முகத்தைக் கிப்லா பக்கம் திருப்பினார்கள். "மருமகன் வந்து பாருங்க," என்று எனக்கு வழி விட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் பார்க்காத முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? தலையைக் குனிந்துகொண்டு ஆட்களுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது அவள் கதவோரம் எனக்காகக் காத்திருந்தாள்.

"முகத்தப் பாத்தீங்களா?"

"ஓம்," என்றேன்.

"நிம்மதியாக் கிடந்தாவா, வாய் மூடியிருந்திச்சா?"

"ஓம் புள்ள. மூடித்தான் இருந்திச்சு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களாவது பாத்தீங்களே. அது போதும் எனக்கு."