ஐந்து நிமிடம் முன்னால் ஊதிய விசில்

கணக்கு டீச்சர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. என்னைப் போன்ற உடற்கல்வி ஆசிரியர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். "ஏனுங்க சார், இன்னிக்கு உங்க பீரியடக் குடுத்துருங்க, போர்ஷன் முடியலைங்க" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்பார்கள், மறுக்க வாய் வராது. அதனால் கோயமுத்தூரில் எங்கள் பள்ளியில் நடக்கும் கணிதப் போட்டிக்கு நேரம் பார்க்க வரச் சொல்லி எங்கள் கணக்கு டீச்சர் கூப்பிட்டபோது, சனிக்கிழமையும் போச்சா என்று கடுப்பாகத்தான் இருந்தது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான போட்டி. ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தெல்லாம் வருவார்கள். ஒரு வினாத்தாளை அச்சடித்து, திருத்தி, கோப்பை கொடுத்தால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். போன பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு கணக்கையும் மூன்று ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியாகப் போட்டுப் பார்த்த பிறகே அது தாளில் ஏறும். விடைத்தாளில் பெயர் எழுதிய முனையை மடித்து ஒட்டிவிடுவார்கள், திருத்துகிறவருக்கு எண் மட்டும்தான் தெரியும். முதல் கணக்கை எல்லாத் தாளிலும் ஒருவரே திருத்துவார், இரண்டாவதை இன்னொருவர். ஒருவர் கை தாராளம், இன்னொருவர் கை இறுக்கம் என்று எந்தப் பிள்ளைக்கும் கூடக்குறைய ஆகிவிடக் கூடாதாம். இதற்கெல்லாம் யாருக்கும் சம்பளம் கிடையாது. மைதானத்தில் நாங்கள் கோடு போடுவதைவிட இவர்கள் ஒழுங்காக இருக்கிறார்களே என்று எனக்கே பொறாமையாக இருந்தது.

பிள்ளைகள் வாட்ச் கட்டக் கூடாது. ஹாலில் இருந்த கடிகாரமும் ரிப்பேருக்குப் போயிருந்தது. ஆகையால் நேரம் என்பது என் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச்தான். தொண்ணூறு நிமிடம். சத்தம் அடங்க நான் ஒரு விசில் ஊதினேன். டீச்சர் ஐந்து நிமிடம் விதிமுறைகளை வாசித்தார், "தாளைத் திருப்பிக்கலாங்க" என்றார், மேசை மேலிருந்த பதிவேட்டில் 'தொடக்கம் 10.25' என்று எழுதிவிட்டு அலுவலக அறைக்குப் போனார். முடிவு நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. வாட்சில் தொண்ணூறு வந்ததும் ஊதினேன். தாள்களை வாங்கிக்கொண்டு பிள்ளைகளை வெளியே அனுப்பினேன்.

ஒரு பெண் மட்டும் போகாமல் நின்றாள். பவானிப் பக்கத்து அரசுப் பள்ளிச் சீருடை.

"சார், அஞ்சு நிமிசம் கம்மியா இருக்குதுங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அன்றும் வந்தது. "இருபத்தெட்டு வருசமா வாட்ச் புடிக்கறேன் அம்மணி. எனக்கே டைம் சொல்றியா?"

அவள் பயப்படவில்லை. "பக்கத்துப் பள்ளிக்கூடத்துல பெல் அடிக்குதுங்க சார். நாம ஆரம்பிக்கறப்போ ஒன்னு அடிச்சுது. பீரியடு நாப்பது நிமிசமுங்க. அதுல இருந்து ரெண்டாவது பெல்லுக்கு எம்பது ஆச்சு. அப்புறம் பத்து நிமிசம் இருக்கோணுங்க. அதுல பாதியிலயே ஊதிப்போட்டீங்க."

"போய் மோர் குடி, போ" என்று விரட்டிவிட்டேன்.

பதிவேட்டில் முடிவு நேரம் எழுதப் பேனாவை எடுத்துக் கை வாட்சைப் பார்த்தேன். 11.53. தாள் வாங்கியதற்கு மூன்று நிமிடம் போயிருக்கும். பத்து இருபத்தைந்தோடு தொண்ணூறைக் கூட்டினால் 11.55. அந்தப் பெண் சொன்னது சரிதான்.

எங்கே தப்பு என்பதும் உடனே தெரிந்துவிட்டது. விசில் ஊதினால் என் கட்டைவிரல் தானாக வாட்சை அமுக்கிவிடும். எத்தனை ஓட்டப்பந்தயம் பார்த்த விரல். சத்தம் அடங்க ஊதினேனே, அப்போதே அமுக்கியிருக்கிறது. விதிமுறை வாசித்த ஐந்து நிமிடமும் பிள்ளைகள் கணக்கில் போய்விட்டது.

11.55 என்று எழுதினால் போதும். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அந்தப் பெண் சொன்னால்தான் என்ன, யார் நம்பப் போகிறார்கள். எழுதலாம் என்றுதான் பேனாவைப் பதிவேட்டில் வைத்தேன், பொய் சொல்வானேன். ஆனால் அந்த மடித்து ஒட்டிய முனைகள் கட்டுக்கட்டாகக் கண்ணெதிரே இருந்தன. இத்தனை பேர் இத்தனை பாடுபட்டதை நான் ஒருத்தன் கெடுப்பதா? 11.50 என்று எழுதிவிட்டுப் பதிவேட்டை டீச்சரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார் என்று நினைத்தேன். அவர் பதிவேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்பதில் இறங்கிவிட்டார்.

"தாளைத் திருப்பிக் குடுக்க முடியாதுங்க சார். வெளிய போய் விடையப் பேசிட்டிருக்காங்க. ரெண்டு பேரு சமமா வந்தா குடுக்கறதுக்குன்னு ஒரு கணக்கு கவர்ல வெச்சிருக்கறமுங்க. அத எல்லாருக்கும் குடுத்தர்றேன். பத்து நிமிசம். கடைசிக் கணக்கு, இது, ரெண்டுல எதுல மார்க்கு அதிகமோ அது. யாருக்கும் குறையாது."

"சமமா வந்துட்டா?"

"ராத்திரியா பகலா, ஒக்காந்து இன்னொன்னு போட்டுக்கறேனுங்க."

பிள்ளைகளை மறுபடி உட்கார வைத்து, மைக்கில் என் தப்பை நானே சொன்னேன். முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. சொல்லி முடித்து ஸ்டாப்வாட்சைக் கழற்றி நீட்டினேன். டீச்சர் வாங்கவில்லை. "நீங்களே பாருங்க சார்" என்றார். இருபத்தெட்டு வருடத்தில் என்னை யாரும் அப்படி மதித்ததில்லை என்று அந்த நிமிடம் தோன்றியது. இந்தத் தடவை விரலைப் பார்த்துக்கொண்டே ஊதினேன்.

எல்லாரும் குனிந்து எழுதினார்கள். அந்தப் பெண் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கோபித்துக்கொண்டாளோ என்று மனசு கேட்கவில்லை. பரீட்சையில் பேசக் கூடாதே என்று வாயை அடக்கிக்கொண்டேன்.

மாலையில் முடிவு வந்தது. சூலூர்ப் பையன் ஒருவன் முதலிடம். கடைசிக் கணக்கில் பாதியில் நின்றவன், அந்தப் பத்து நிமிடத்தில் கவரில் இருந்த கணக்கை முழுசாகப் போட்டுவிட்டான். அவனுக்கு இரண்டே மார்க் பின்னால் இரண்டாமிடம் அந்தப் பெண்ணுக்கு. பரிசுப் பெட்டியோடு பஸ்ஸுக்குக் கிளம்பியவளை வாசலில் பிடித்தேன்.

"ஏங்கண்ணு, குடுத்த பத்து நிமிசத்துல நீ ஒன்னுமே எழுதலையே?"

"எதுக்குங்க சார்? கடைசிக் கணக்க நா மொதல்லயே முழுசாப் போட்டுட்டனுங்க."

"உனக்கு நேரமே வேண்டியதில்லையா? அப்புறம் எதுக்கு எங்கிட்ட வந்து நின்னே? பேசாம இருந்திருந்தா நீதான ஃபர்ஸ்ட்டு."

என்ன கேட்கிறேன் என்றே அவளுக்குப் புரியவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"தொண்ணூறுன்னு சொன்னீங்க, எம்பத்தஞ்சுதானுங்களே சார் இருந்துச்சு" என்றாள்.